ஹூக்ளிக் கரையில் ஐந்து கொடிகள்

வேப்பந்தட்டை வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு ஆறு என்பது ஆண்டில் சில நாள் மட்டும் வந்துபோகும் விருந்தாளி. பச்சைமலைச் சரிவிலிருந்து இறங்கும் கல்லாறும், மாவட்டத்தின் வடக்கு எல்லையாய்க் கிடக்கும் வெள்ளாறும் மழை பொழிந்தால் பெருகும். மற்ற நாட்களில் மணலும் கருவேலமுமாய்க் கிடக்கும். இந்த மண்ணில் நின்றுகொண்டு, ஆற்றிலே கப்பல் போகிறது, அந்தக் கப்பலிலே மெத்தையிட்ட அறைகளும் உணவுக்கூடமும் இருக்கின்றன என்று சொன்னால், கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அது கதையன்று. நம் நாட்டிலேயே நடந்தது. அந்தக் கப்பல் போன வழியில் நம் திருச்சபையின் வரலாறும், நம் தமிழகக் கடற்கரையின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. யூபிலி ஆண்டு என்பது பின்னோக்கிப் பார்க்கும் ஆண்டு. ஆகவே இம்மலரில் அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது பொருத்தமாகும்.

ஆற்றுக் கப்பல் உல்லாசப் பயணம்

ஆற்றிலே கப்பலில் சென்று, கரையோரத்துக் கோட்டைகளையும் கோயில்களையும் கண்டு வருவது ஐரோப்பியர்களுக்கு மிகவும் விருப்பமான பயணமாகும். ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாமில் ஏறி, ரைன், மைன், டான்யூப் ஆறுகளின் வழியே ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட் வரை கப்பலிலேயே போய்விடலாம். மைன் ஆற்றையும் டான்யூப் ஆற்றையும் இணைக்கும் 171 கிலோமீட்டர் கால்வாய் 1992இல் திறக்கப்பட்டதிலிருந்து இது இயலுவதாயிற்று. வழியிலே கொலோன் நகரப் பேராலயம் வானளாவ நிற்கிறது. 1248இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆலயம் 1880இல்தான் முடிந்தது. பாட்டன் நாட்டிய கல்லுக்குப் பேரன் கோபுரம் கட்டினான் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அங்கே இருபது தலைமுறைகள் காத்திருந்தன.

இத்தகைய பயணம் நம் நாட்டிலும் தொடங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் காசியில் 'கங்கா விலாஸ்' என்னும் கப்பலைப் பிரதமர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 62 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 18 அறைகள், 36 பயணிகள் தங்கலாம். முதற்பயணத்தில் ஏறியவர்கள் சுவிட்சர்லாந்து நாட்டார் 32 பேர். காசியிலிருந்து பாட்னா, கொல்கத்தா வந்து, சுந்தரவனக் காடுகளைக் கடந்து, வங்காள தேசத்தினுள் புகுந்து டாக்காவைத் தொட்டு, பிரம்மபுத்திரா வழியே அஸ்ஸாமின் திப்ருகர் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் பயணம். பிப்ரவரி 28ஆம் நாள் அது கரை சேர்ந்தது. கட்டணம் பல இலட்சம் ரூபாய் என்பதால் நம்மில் எவரும் அதில் ஏறப்போவதில்லை. ஆனால் அந்தச் செல்வந்தர்கள் பெருந்தொகை கொடுத்துக் கண்ட காட்சிகளில் ஒரு பகுதியை, ஹவுராவில் மின்சார ரயில் ஏறி நாற்பது கிலோமீட்டர் தூரம் சென்று நாமும் காணலாம். அதுவே ஹூக்ளி ஆற்றங்கரை.

ஓர் ஆற்றில் ஒரு சிறிய ஐரோப்பா

கங்கை கடலை நெருங்குமுன் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி பத்மா என்ற பெயரோடு வங்காள தேசத்துக்குள் செல்கிறது. தெற்கே கொல்கத்தா பக்கம் வரும் கிளை பாகீரதி. கீழே வரவர ஹூக்ளி என்று பெயர் பெறுகிறது. இந்தக் கிளையில் நீர் குறைந்து மணல் மேடிட்டதால், கங்கை நீரைத் திருப்பிவிட பராக்காவில் அணை கட்டப்பட்டு 1975இல் இயங்கத் தொடங்கியது. இன்று கப்பல் ஓடுவதற்கும் அந்த நீரே துணை.

கொல்கத்தாவிற்கு வடக்கே, நாற்பது கிலோமீட்டர் நீளத்திற்குள், ஐந்து ஐரோப்பிய நாட்டார் கொடி நாட்டியிருந்தனர். ஆற்றில் மேலிருந்து கீழே இறங்கி வந்தால் முதலில் போர்த்துக்கீசியரின் பாண்டேல். அடுத்து டச்சுக்காரரின் சின்சுரா. பிறகு பிரெஞ்சுக்காரரின் சந்திரநாகூர். அதன்பின் டேனியரின் செராம்பூர். எதிர்க்கரையில் ஆங்கிலேயரின் பாரக்பூர். கடைசியில் 1690இல் ஆங்கிலேயர் வந்திறங்கிய கொல்கத்தா.

இவர்கள் ஏன் இங்கே வந்து குவிந்தார்கள்? அரிசி, சர்க்கரை, பட்டு, வெடியுப்பு என்று பல சரக்குகள் இருந்தாலும், பெரிதும் அவர்களை ஈர்த்தது பருத்தித் துணி. டாக்கா மஸ்லினின் புகழ் உலகறிந்தது. நம் சோழமண்டலக் கரைக்கும் அவர்கள் துணிக்காகவே வந்தார்கள். பருத்தி விளையும் கரிசல் மண்ணில் வாழும் நமக்கு, பருத்திக்கு அன்று இருந்த மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. ஆகவேதான் ஹூக்ளியில் கொடி நாட்டிய அதே கைகள் நம் கரையிலும் கொடி நாட்டின. சின்சுராவை ஆண்ட டச்சுக்காரர் நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் இருந்தனர். சந்திரநாகூரின் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன. செராம்பூரின் டேனியருக்கு நம் தரங்கம்பாடி. ஹூக்ளியின் கதை நம் பக்கத்துக் கதையே.

நற்பயண மாதா

போர்த்துக்கீசியருக்கு ஹூக்ளியில் குடியேற அக்பர் பேரரசர் 1580ஐ ஒட்டி அனுமதி அளித்தார். துறைமுகம் என்று பொருள்படும் 'பந்தர்' என்ற சொல்லே பாண்டேல் என்று திரிந்தது என்பர். 1599இல் அங்கே அகுஸ்தீன் சபைத் துறவிகள் ஆலயம் எழுப்பினர். கடலோடிகள் வேண்டிக்கொண்ட மாதாவுக்கு நற்பயண மாதா என்று பெயர். கடல்வழி வந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

1632இல் பெருந்துன்பம் வந்தது. பேரரசர் ஷாஜகானின் ஆணைப்படி வங்காள ஆளுநர் காசிம் கான் படைதிரட்டி வந்து ஹூக்ளியை முற்றுகையிட்டார். மூன்று மாதங்களுக்கும் மேலாக நீடித்த முற்றுகையின் முடிவில் கோட்டை வீழ்ந்தது. ஆலயம் அழிந்தது. துறவிகள் உட்பட நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதிகளாக ஆக்ராவுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். பல மாதங்கள் நீண்ட அந்த நடைப்பயணத்தில் வழியிலேயே மாண்டவர் பலர். அந்த நாட்களில் ஹூக்ளியில் இருந்த சேசு சபைக் குரு காப்ரால் அடிகளார், மறு ஆண்டே அந்த அழிவைக் கடிதமாக எழுதிவைத்தார்.

பாண்டேல் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மரபு வேறு சில செய்திகளையும் தருகிறது. தியாகோ என்னும் வணிகர் மாதா சுரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஆற்றில் குதித்தார், அக்கரையை அடையவில்லை. ஆக்ராவில் குரூஸ் அடிகளாரை மதயானையின் முன் தள்ளினர். யானையோ மண்டியிட்டு அவரை முதுகில் ஏற்றிக்கொண்டது. வியந்த பேரரசர் கைதிகளை விடுவித்து, 777 பிகா நிலத்தை வரியின்றி அளித்தார். பின்னொரு நாள் ஆற்றில் மூழ்கிய சுரூபம் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. அந்நாளிலேயே புயலில் தப்பிய ஒரு கப்பல் தலைவர் வந்து, தம் நேர்ச்சையாகக் கப்பலின் பாய்மரத்தையே கோயிலுக்குக் காணிக்கையாக்கினார்.

இது நமக்குப் பழகிய கதையாகத் தோன்றவில்லையா? வேளாங்கண்ணியிலும் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்து, நேர்ச்சையாக ஆலயம் எழுப்பினர் என்பதல்லவா மரபு? ஒரே கடல், ஒரே அச்சம், ஒரே தாயிடம் மன்றாட்டு. வேளாங்கண்ணி ஆலயம் 1962இல் பசிலிக்கா என்னும் உயர்நிலை பெற்றது. பாண்டேல் ஆலயம் 1988இல் பெற்றது. பாண்டேலில் அந்தப் பாய்மரம் இந்த நூற்றாண்டின் ஒரு புயலில் சாயும்வரை ஆலய வளாகத்தில் நின்றுகொண்டிருந்தது.

சொல்லத் தயங்கும் பக்கம்

வரலாறு எழுதப் புகுந்தவர் இனிப்பானதை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது வரலாறாகாது, வாழ்த்துமடலாகும். ஷாஜகான் ஹூக்ளியின்மேல் படையெடுத்ததற்குக் காரணம் மதப்பகை ஒன்றே என்று சிலர் எழுதியிருக்கின்றனர். உண்மை அவ்வளவு எளிதன்று. பேரரசராகுமுன் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்த காலத்தில் போர்த்துக்கீசியர் தமக்கு உதவவில்லை என்ற கோபம் அவருக்கு இருந்தது. சுங்க வருமானம் அவர்கள் கைக்குப் போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் அடிமை வாணிகம் செய்தார்கள். போர்த்துக்கீசியக் கொள்ளையரும் அரக்கான் நாட்டு மக்கர்களும் வங்காளத்து ஆறுகளில் படகேறி வந்து, கரையோரக் கிராமங்களில் ஆணையும் பெண்ணையும் குழந்தைகளையும் பிடித்துச் சென்றனர். அப்படிப் பிடிபட்டோர் விற்கப்பட்ட சந்தைகளில் ஹூக்ளியும் ஒன்று.

சிலுவைக் கொடி கட்டிய கப்பலில் விலங்கிட்ட மனிதரும் இருந்தனர் என்பதை நாம் மறைக்கலாகாது. நம் கரையும் இதற்கு விலக்கன்று. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோது, தஞ்சைப் பகுதியில் பசியால் வாடிய மக்களை டச்சுக் கம்பெனியார் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றி அனுப்பினர். அவர்களின் பெயர்களை எந்த நினைவுக் கல்லும் தாங்கவில்லை.

இந்த இருட்டிலிருந்தே ஓர் ஒளியும் எழுந்தது. 1663ஐ ஒட்டி, பூஷணம் என்னும் ஊரின் சிற்றரசர் மகனை மக்கர் பிடித்துச் சென்றனர். அகுஸ்தீன் சபைத் துறவி ஒருவர் அவனை மீட்டார். தோம் அந்தோனியோ என்று பெயர் பெற்று வளர்ந்த அந்த இளைஞர், தம் தாய்மொழியாகிய வங்காளியிலேயே மறையை எடுத்துரைத்தார். உரையாடல் வடிவில் ஒரு நூலும் எழுதினார். டாக்காவைச் சுற்றிய சிற்றூர்களில் ஏழை எளிய மக்கள் அவர் சொல் கேட்டு மனந்திரும்பினர். கோட்டையும் பீரங்கியும் வைத்திருந்தவர்கள் செய்யாததை, விற்கப்பட்டுப் பின் மீட்கப்பட்ட ஓர் உள்ளூர் மகன் செய்தார். வங்காளத் திருச்சபை நிலைத்து நின்றதற்கு அவர் போன்றோரே காரணம்.

மொழி கற்ற துறவிகள்

டாக்காவுக்கு அருகே நாகரி என்னும் ஊரில் பணியாற்றிய மனுவேல் தா அசும்சாவ் என்ற அகுஸ்தீன் சபைத் துறவி, வங்காளி இலக்கணக் குறிப்பும் வங்காளி–போர்த்துக்கீசியச் சொற்பட்டியலும் தொகுத்தார். அது 1743இல் லிஸ்பன் நகரில் அச்சாயிற்று. வங்காளி இலக்கணம் அச்சேறியது அதுவே முதன்முறை.

இதைப் படிக்கும்போதே நம் நினைவு பக்கத்து அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்கு ஓடுகிறதல்லவா? இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியா வந்த பெஸ்கி அடிகளார், கொள்ளிடத்தின் வடபாலுள்ள ஏலாக்குறிச்சியில் தங்கி, அடைக்கல மாதாவைப் போற்றி, வீரமாமுனிவராக நம் நெஞ்சில் நிலைத்தார். தேம்பாவணியும் சதுரகராதியும் அந்தக் காலத்தவையே. வடக்கே கங்கைக் கரையில் ஒருவர், தெற்கே கொள்ளிடக் கரையில் ஒருவர். ஒரே காலத்தில் இருவரும் மக்கள் மொழியை மாணவர்போல் அமர்ந்து கற்றனர். துணி வாங்க வந்தவர்களின் கணக்கேடுகள் ஆவணக் காப்பகங்களில் உறங்குகின்றன. மொழி கற்க அமர்ந்தவர்களின் ஏடுகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன.

கொடிகள் இறங்கிய வரலாறு

மற்ற நான்கு கொடிகளும் என்னவாயின? சின்சுராவில் டச்சுக்காரர் கட்டிய குஸ்தாவஸ் கோட்டை இன்று இல்லை. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, சுமத்ராத் தீவில் ஆங்கிலேயர் வைத்திருந்த பெங்கூலனைப் பெற்றுக்கொண்டு, சின்சுராவைப் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினத்தோடு சேர்த்துக் கைமாற்றிக் கொடுத்துவிட்டனர். ஊரார் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அங்கே அவர்களை நினைவூட்டுவது பெரும்பாலும் கல்லறைத் தோட்டமே.

சந்திரநாகூரில் 1731 முதல் பத்தாண்டுக் காலம் தலைவராயிருந்து அதைச் செழிக்கச் செய்தவர் டூப்ளே. பிறகுதான் அவர் புதுச்சேரியின் ஆளுநரானார். 1757இல் கிளைவும் வாட்சனும் பீரங்கிகளால் தாக்கி அங்கிருந்த ஓர்லியான் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். எனினும் ஊர் பிரெஞ்சுக்காரரிடமே தங்கிற்று. இந்தியா விடுதலை பெற்றபின் 1949இல் மக்கள் வாக்களித்து இந்தியாவுடன் சேர முடிவு செய்தனர். 1950இல் ஆட்சி கைமாறியது. புதுச்சேரிக்கு அந்த நாள் 1954இல் வந்தது. இன்று ஆற்றோரத்து அழகிய நடைபாதையும், டூப்ளே மாளிகை அருங்காட்சியகமும், 1884இல் கட்டி முடித்த திரு இருதய ஆலயமும் பயணிகளை ஈர்க்கின்றன.

செராம்பூரில் 1755 முதல் டேனியர் ஆண்டனர். 1800இல் அங்கே குடியேறிய பாப்டிஸ்ட் சபையின் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவர் அச்சகம் நிறுவிப் பல இந்திய மொழிகளில் திருவிவிலியத்தை அச்சிட்டனர். 1812இல் அச்சகம் தீக்கிரையானபோதும் சோர்ந்துவிடாமல் மீண்டும் தொடங்கினர். 1818இல் அவர்கள் நிறுவிய கல்லூரி இன்றும் நடைபெறுகிறது. நம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். நம் சபையினர் அல்லர் எனினும், அவர்கள் செய்த எழுத்துப் பணியை மதிக்கத் தவறுவது நன்றியாகாது. 1845இல் டேனிய அரசர் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்து ஆங்கிலக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார். ஒரே பத்திரத்தில் இரண்டு ஊர்கள்!

செராம்பூரில் 1806இல் முடிந்த டேனியரின் புனித ஓலாவ் ஆலயம் காலப்போக்கில் சிதைந்து, வழிபாடு நடத்த இயலாத நிலையை அடைந்தது. பின்னர் டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் துணைநின்று பழுது பார்க்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோ விருதும் பெற்றது. கட்டியவர்களின் நாட்டிலிருந்து உதவி வந்ததால் அது பிழைத்தது.

எது நின்றது? ஏன் நின்றது?

இத்தனையையும் ஒரு சேரப் பார்க்கும்போது ஓர் உண்மை துலங்குகிறது. ஐந்து நாட்டாரும் ஹூக்ளியில் கட்டிய கட்டடங்களில் மிகவும் உறுதியானவை கோட்டைகள். அவையே முதலில் மறைந்தன. பாண்டேல் ஆலயம் ஒருமுறை அடியோடு அழிந்தது. ஆனால் மக்கள் திரும்பி வந்ததால் 1660இல் மீண்டும் எழுந்தது. போர்த்துக்கீசியரின் ஆட்சி போயிற்று. அகுஸ்தீன் சபையாரின் காலமும் முடிந்தது. 1928இல் சலேசியத் தந்தையர் வந்தனர். அரசு மாறியது, சபை மாறியது, மொழி மாறியது. மன்றாட்டு மட்டும் நிற்கவில்லை. இன்று அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவோரில் கிறிஸ்தவர்களைவிட இந்து, முஸ்லிம் சகோதரர்களே மிகுதி. வேளாங்கண்ணியில் நாம் காண்பதும் அதுவே.

ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளிலோ நிலைமை வேறாகி வருகிறது. கப்பலிலிருந்து இறங்கும் பயணிகளால் பேராலயங்கள் நிரம்புகின்றன. ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் தொகையோ ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகிறது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நமக்கு மறைபரப்புநர்களை அனுப்பிய நாடுகள் அவை. ஆனால் ஒரு கோயில் எப்போது காட்சிப்பொருள் ஆகிறது? கூரை ஒழுகும்போது அன்று. சுவர் வெடிக்கும்போதும் அன்று. கூரையையும் சுவரையும் அருங்காட்சியகத்தார்கூடப் பழுது பார்த்துவிடுவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது 'எங்கள் கோயில்' என்ற எண்ணம் அற்றுப்போகும்போதே கோயில் காட்சிப்பொருளாகிறது.

யூபிலி நமக்கு இடும் வேலை

நம் வட்டாரத்துப் பங்குகளுக்கு ஆற்றங்கரைப் பேராலயமும் இல்லை. பெருந்தொகை கொடுத்துப் பார்க்க வரும் பயணிகளும் இல்லை. ஆயினும் நமக்கென்று ஒரு வரலாறு உண்டு. முதன்முதல் திருமுழுக்குப் பெற்ற குடும்பங்கள் எவை? மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்து பூசை வைத்த குருக்கள் யாவர்? குருவானவர் வராத மாதங்களில் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் யார்? கோயில் கட்டக் கல் சுமந்தவர்கள், பஞ்ச காலத்திலும் பிடியரிசி ஒதுக்கியவர்கள் யார்? இவை பங்குப் பதிவேடுகளிலும் முதியோர் நினைவிலும் இருக்கின்றன. பதிவேட்டைச் செல்லரிக்கும், முதியோரைக் காலம் அழைத்துக்கொள்ளும். காப்ரால் அடிகளார் அன்று கடிதம் எழுதாமல் இருந்திருந்தால், ஹூக்ளியின் அழிவைப் பற்றி நாம் அறிந்திருக்கக்கூடியது எவ்வளவு குறைவு!

எழுதும்போது நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்பதில்லை. கோயிலுக்குள்ளேயே தனியிடம் வைத்துச் சகோதரரைப் பிரித்த பழைய வழக்கங்கள் தமிழகத்தின் பல பங்குகளில் இருந்தன. அவற்றையும் நம் பிள்ளைகள் அறியட்டும். அறிந்தால்தான் அவை திரும்பி வராமல் காப்பார்கள். மரபு வழிக் கதைகளை மரபு என்றும், ஏட்டில் உள்ளதை ஏடு என்றும் பிரித்து எழுதுவதே முறை. இரண்டுக்கும் இடமுண்டு, இரண்டையும் குழப்புதல் கூடாது.

ஆகவே, இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கம் எழுதித் தருவதென்று முடிவு செய்தால் என்ன? எழுதத் தெரியாத தாத்தா பாட்டி சொல்ல, படிக்கும் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். வசதியுள்ளோர் திருச்சியிலிருந்து ஹவுரா ரயில் ஏறி ஒருமுறை பாண்டேல் சென்று நற்பயண மாதாவையும் தரிசித்து வரலாம்; இயலாதோர்க்கு ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா அருகிலேயே இருக்கிறார்.

கல்லாறு வறண்டு கிடந்தாலும் நம் விசுவாசம் வறளாதிருப்பதாக! நம் பாட்டன்மார் தொடங்கிய நற்பயணத்தை நம் பேரப்பிள்ளைகளும் தொடர்வார்களாக!